இளங்கலை மாணவர் ஆய்வு மாநாட்டுக்குச் செல்வது எப்படி: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்து, எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் வழியாகப் பல்கலைக்கழகம் புகுந்த மாணவர்களிடம் ஆய்வு மாநாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு மறுமொழிகளில் ஒன்றுதான் வருகிறது. “அதெல்லாம் முனைவர் பட்டம் செய்கிறவர்களுக்கு” என்பது ஒன்று, “சான்றிதழ் கொடுப்பார்களா?” என்பது மற்றொன்று. முதலாவது தவறான எண்ணம். இரண்டாவதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் அது இலாபத்தின் மிகச் சிறிய பகுதியை மட்டும் கேட்கும் கேள்வி.

இறுதியாண்டு ஆய்வேட்டை வழக்கமாக இரண்டு மூன்று பேர்தான் முழுமையாகப் படிக்கிறார்கள். மேற்பார்வையாளர் படிக்கிறார், தேர்வாளர் படிக்கிறார், அட்டை கட்டுவதற்கு முன் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுக்கும் தோழி பாதி படிக்கிறாள். இவர்கள் கேட்கும் கேள்விகள் மதிப்பெண்ணையொட்டியோ அன்பையொட்டியோ எழுபவை. உங்களை முன்பின் அறியாத, உங்கள் தேர்ச்சியால் எந்தப் பயனும் அடையாத ஒருவர், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பி உங்கள் ஆய்வைப் பற்றிக் கேள்வி கேட்கும் இடம் இளங்கலைப் படிப்பில் ஒன்றே ஒன்றுதான், அது மாநாடு. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்தக் கேள்வி உங்களை வந்தடைவதற்கான ஏற்பாடு.

நம்மிடையே ‘மாநாடு’ என்ற சொல் சற்றுத் திசைதிருப்பக்கூடியது. அதைக் கேட்டதும் மாலை, பொன்னாடை, அமைச்சர் உரை, பந்தி ஆகியவை நினைவுக்கு வருகின்றன. ஆய்வு மாநாட்டில் பெரும்பகுதி, சிறிய அறைகளில் இருபது முப்பது பேர் அமர்ந்து, ஒருவர் பதினைந்து நிமிடம் பேசுவதைக் கேட்டுக் கேள்வி எழுப்புவதாகவே நடக்கிறது. இந்த மரபு நமக்குப் புதியதும் அன்று. முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில்தான் கூடியது. அதற்கு உழைத்த தனிநாயகம் அடிகள் அப்போது மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக இருந்தார். 1987-இலும் 2015-இலும் அம்மாநாடு கோலாலம்பூருக்குத் திரும்பி வந்தது. இளங்கலை மாணவர்களுக்கென்றே தனி மாநாடுகளும் பல ஆண்டுகளாக நடந்து வருகின்றன: அமெரிக்காவின் தேசிய இளங்கலை ஆய்வு மாநாடு 1987-இல் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் தொடங்கியது, பிரிட்டனில் 2011 முதல் நடக்கிறது, வார்விக், மோனாஷ் பல்கலைக்கழகங்கள் 2013-இல் தொடங்கிய அனைத்துலக இளங்கலை ஆய்வு மாநாடு, பல நாட்டு வளாகங்களைக் காணொளி வழியாக இணைத்து நடத்தப்படுகிறது.

படி 1: சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள்

மாநாட்டுக்குப் பெரிய கண்டுபிடிப்பு தேவை என்று நினைத்துத்தான் பலரும் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒரு தெளிவான கேள்வி, அதற்கு நீங்களே திரட்டிய தரவு, அந்தத் தரவு தாங்கக்கூடிய அளவுக்கு ஒரு முடிவு ஆகிய மூன்றும் இருந்தால் இளங்கலை அமர்வுக்குப் போதும். முடிவு எதிர்பார்த்ததற்கு மாறாக வந்திருந்தாலும் அது முடிவே.

தோட்டப்புற மாணவருக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. அதை நாமே எளிதில் மதிப்பதில்லை. செம்பனையின் (எண்ணெய்ப் பனையின்) வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கேமரூனிலிருந்து ஒரு வகைக் கூன்வண்டு 1981-இல் மலேசியாவுக்குக் கொண்டுவரப்படும் வரை, தீபகற்பத்துத் தோட்டங்களில் செம்பனையின் பெண் பாளைகளுக்குத் தொழிலாளர்களே மகரந்தத் தூளைக் கையால் தூவினார்கள். வண்டு பரவியதும் அந்த வேலை இல்லாமல் போயிற்று. பூச்சியியல் மாணவருக்கு இது பாடப்புத்தகத்தின் ஒரு பத்தி. தூள் தூவிய பாட்டியோடு ஒரே வீட்டில் வளர்ந்த மாணவிக்கு இது நேர்காணல் எடுக்கக்கூடிய வரலாறு. லயத்து வீடுகளின் காற்றோட்டம், மூடப்பட்ட ஆயாக்கொட்டகைகள் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகங்கள்), பால்மரம் வெட்டியவர்களின் முதுகுவலி, தமிழ்ப்பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை என்று பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் கல்வியியலுக்கும் உரிய பொருள்கள் வாசலிலேயே கிடக்கின்றன.

மனிதர்களிடம் தகவல் திரட்டுவதாக இருந்தால், உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதியை முன்னதாகவே பெற்றுவிடுங்கள். சொந்தப் பாட்டியானாலும் ஒப்புதல் படிவம் வேண்டும்; அது அவரால் படிக்கவோ, படித்துக்காட்டக் கேட்டுப் புரிந்துகொள்ளவோ முடிகிற மொழியில் இருக்க வேண்டும்.

படி 2: ஒருமுறை பார்வையாளராகச் செல்லுங்கள்

இரண்டாம் ஆண்டிலேயே, உங்கள் வளாகத்தில் நடக்கும் ஏதாவது ஒரு கருத்தரங்கில் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். தொண்டராகப் பெயர் கொடுத்தால் பல இடங்களில் பதிவுக் கட்டணம் கேட்கமாட்டார்கள். எப்படிப் பேசுகிறார்கள் என்பதைவிட, எந்தக் கேள்விக்கு எப்படித் தடுமாறுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பேராசிரியர்களும் தடுமாறுகிறார்கள் என்பதைக் கண்ணால் கண்டவருக்குப் பாதி அச்சம் அன்றே போய்விடும்.

படி 3: மாநாட்டைத் தேர்ந்தெடுங்கள், போலியை விலக்குங்கள்

இந்தப் படியில் அவசரப்பட்டவர்கள் பணத்தையும் மனத்தையும் ஒருசேர இழந்திருக்கிறார்கள். ஆகவே இதை விரிவாகவே சொல்கிறேன்.

மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இந்தத் துறையில் நீங்கள் மதிக்கும் ஆட்கள் வழக்கமாக எங்கே கூடுகிறார்கள்?” என்பதாகும். ஒவ்வொரு துறைக்கும் அப்படி ஓரிடம் உண்டு. செம்பனை சார்ந்த அறிவியலில் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் நடத்தும் அனைத்துலகக் காங்கிரஸ் அத்தகையது. தமிழியல் மாணவருக்கு மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் கருத்தரங்குகளும் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கருத்தரங்குகளும் அருகில் உள்ளவை. முதல் முயற்சிக்குத் துறையின் பெருமாநாட்டைவிட, மாணவர் அமர்வு உள்ள நடுத்தர மாநாடே நல்லது என்பது என் கருத்து. ஆயிரம் பேர் கூடும் இடத்தில், ஆய்வை விளக்கி நீங்கள் மாட்டிய சுவரொட்டி முன்னால் யாரும் நிற்காமலே நாள் முடிந்துவிடக்கூடும்.

இனி போலிகள். நீங்கள் எங்கும் எதுவும் வெளியிட்டிராத நிலையில், “மதிப்புமிக்க டாக்டர் அவர்களே” என்று தொடங்கி, உங்கள் அரிய பணியைப் பாராட்டி, சிறப்புரை ஆற்ற அழைக்கும் மின்னஞ்சல் வந்தால் அதை அழித்துவிடுங்கள். ஆய்வுச் சுருக்கம் அனுப்பிய மறுநாளே ஏற்பு வருவது, பல் மருத்துவத்தையும் வங்கியியலையும் வானியலையும் ஒரே அரங்கில் அடக்கும் தலைப்பு, அமைப்புக் குழுவில் பெயர் மட்டும் இருந்து எந்த நிறுவனமும் குறிப்பிடப்படாத ஆட்கள், தனிநபர் வங்கிக் கணக்குக்குக் கட்டணம் கேட்பது ஆகியவை மற்ற அடையாளங்கள். குழுவில் உள்ள ஓரிருவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அங்கே உள்ள முகவரிக்கு எழுதி, “இந்த மாநாட்டில் உங்களுக்குப் பங்கு உண்டா?” என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆய்விதழ்களும் மாநாடுகளும் நடத்திய ஓமிக்ஸ் என்ற நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் 2019-இல் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது. கலந்துகொள்ள ஒப்புக்கொள்ளாத ஆய்வாளர்களின் பெயர்களைக் காட்டி மாநாடுகளை விளம்பரம் செய்ததும் அந்த வழக்கின் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

இதில் மாணவர்கள் ரசிக்கக்கூடிய கதை ஒன்றும் உண்டு. 2005-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர் மூவர், பொருளே இல்லாத கணினியியல் கட்டுரைகளைத் தானாக உற்பத்தி செய்யும் மென்பொருள் ஒன்றை எழுதி, அது கக்கிய கட்டுரையொன்றை ஒரு மாநாட்டுக்கு அனுப்பினார்கள். கட்டுரை ஏற்கப்பட்டது. யாரும் படிக்காமல் ஏற்கும் இடத்தில் யாரும் கேள்வியும் கேட்கமாட்டார்கள். அத்தகைய இடத்துக்குக் கட்டணம் கட்டிப் போவதால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு தாள்.

படி 4: ஆய்வுச் சுருக்கத்தை எழுதுங்கள்

சுருக்கங்களைக் கேட்கும் அழைப்பு அறிக்கை பெரும்பாலும் மாநாட்டுக்குப் பல மாதங்களுக்கு முன்பே வெளிவந்துவிடும். ஆகையால் ஆய்வேடு முடிந்த பிறகு மாநாடு தேடினால் காலம் தவறிவிடும். தரவு பாதி கைக்கு வந்த நிலையிலேயே சுருக்கம் எழுத வேண்டியிருக்கும். அளவு வழக்கமாக 250 முதல் 300 சொற்கள். மதிப்பீட்டாளர் உங்களைப் பற்றி அறிவது அவ்வளவே.

நம் மாணவர்களின் சுருக்கங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் குறை, முன்னுரை பாதி இடத்தை விழுங்கிவிடுவது. “மலேசியா பல்லின மக்கள் வாழும் நாடு” என்று தொடங்கி, ஐந்தாவது வாக்கியத்தில் தோட்டத்துக்கு வந்து, எட்டாவதில் “இவ்வாய்வு ஆராய்கிறது” என்று முடித்தால், என்ன கண்டீர்கள் என்பது மதிப்பீட்டாளருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. பள்ளிக் கட்டுரைப் பழக்கம் அது. இதற்கு மாறான ஒன்றைக் கற்பனையாக எழுதிக் காட்டுகிறேன். இதிலுள்ள எண்களும் கற்பனையே.

‘1981-க்கு முன் செம்பனைத் தோட்டங்களில் மகரந்தத் தூளைத் தொழிலாளர்கள் கையால் தூவினார்கள். அந்த வேலையைச் செய்தவர்கள் அதை எவ்வாறு கற்றார்கள் என்று இந்த ஆய்வு கேட்கிறது. பேராக்கின் மூன்று தோட்டங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற 14 பெண்களிடம் தமிழில் நேர்காணல் நடத்தப்பட்டது. பதினொருவர் இவ்வேலையை மேலாளரிடமோ மண்டோர் எனும் கங்காணியிடமோ கற்கவில்லை. மூத்த உறவுப் பெண்களிடம் கற்றதாகக் கூறினர். பாளை பக்குவமடைந்ததை மணத்தைக் கொண்டு அறிந்ததாக ஒன்பது பேர் குறிப்பிட்டனர். தோட்டத்தின் எழுத்துப் பதிவுகளில் இடம்பெறாத தொழிலறிவு ஒன்று குடும்ப வழியாகக் கைமாறியிருக்கிறது என்பதை இது காட்டுகிறது. மாதிரி சிறியதாகையால் மற்ற மாநிலங்களுக்கு இம்முடிவு பொருந்துமெனக் கொள்ள இயலாது.’

பின்னணிக்கு ஒரே வாக்கியம், உடனே கேள்வி, பிறகு வழிமுறை, எண்ணோடு கூடிய கண்டுபிடிப்பு, அதன் பொருள், அதன் எல்லை. எல்லையைக் கூறும் கடைசி வாக்கியத்தை நீக்கச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்துவார்கள், நீக்காதீர்கள். தன் ஆய்வின் வேலி எங்கே இருக்கிறது என்று அறிந்த மாணவரைத்தான் மதிப்பீட்டாளர் நம்புகிறார்.

அனுப்புமுன் மேற்பார்வையாளரிடம் காட்டி, ஆசிரியர் வரிசையில் யார் யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதையும் அப்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள். நிராகரிக்கப்பட்டால் காரணத்தைப் படித்துத் திருத்தி வேறிடத்துக்கு அனுப்புங்கள். அது எல்லாருக்கும் நடப்பதுதான்.

படி 5: பணமும் வீட்டாரின் சம்மதமும்

பதிவுக் கட்டணம், பயணம், தங்குமிடம், சுவரொட்டி அச்சு ஆகிய நான்கையும் ரிங்கிட் கணக்கில் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மாணவர் கட்டணமும் முன்பதிவுக் கட்டணமும் தனித்தனியாகக் குறைவாக இருக்கும். கடைசித் தேதியைத் தவறவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். அந்தப் பக்கத்தோடு முதலில் மேற்பார்வையாளரிடம் செல்லுங்கள். அரசாங்க ஆய்வு மானியங்களில் பயணத்துக்கென்று 21000 என்ற செலவுத் தலைப்பு உண்டு. உங்கள் ஆய்வு அவருடைய மானியத் திட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தால் அதிலிருந்து உதவ இயலுமா என்று கேட்கலாம். அடுத்து புலம், அதற்கடுத்து மாணவர் விவகாரப் பிரிவு. பி.டி.பி.டி.என். எனும் உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடன் பணத்தை நம்பி மாநாட்டுக்குப் பதிவு செய்யாதீர்கள். அது அந்தப் பருவத்தின் சோற்றுப் பணம்.

வளாகத்தில் கிடைக்காதபோது ஊரைக் கேட்கலாம். முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, தொழிலாளர்களின் சிறு சேமிப்புகளைத் திரட்டித் தோட்டம் வாங்குவதற்காக அவர் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். கோயில் நிர்வாகமோ முன்னாள் மாணவர் சங்கமோ ஒரு பிள்ளையின் ரயில் கட்டணத்தை ஏற்பது இந்த ஊருக்குப் புதிய வழக்கமாகாது. ஆனால் வாய்ப்பேச்சாகக் கேட்காமல், ஏற்புக் கடிதத்தின் நகலையும் செலவுக் கணக்கையும் இணைத்துக் கடிதமாகக் கொடுங்கள்; திரும்பி வந்ததும் ரசீதுகளோடு கணக்கை ஒப்படையுங்கள். அடுத்த ஆண்டு கேட்கப் போகும் பிள்ளைக்கு அது வழிவிடும்.

பெண் பிள்ளைகளின் விஷயத்தில் பணத்தைவிட வீட்டாரின் கவலையே பெரிய தடையாக இருக்கிறது. அந்தக் கவலையைக் குறையாகப் பேசிப் பயனில்லை. நிகழ்ச்சி நிரல், தங்குமிடத்தின் முகவரி, உடன் வரும் தோழி அல்லது விரிவுரையாளரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அப்பா அம்மாவிடம் கொடுங்கள். சுங்கை சிப்புட் நிலையத்தில் இ.டி.எஸ். மின்ரயில் ஏறினால் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் கே.எல். சென்ட்ரல் வந்துவிடும் என்பதும், தெளிவான தாளொன்று கையில் இருப்பதும் பல வீடுகளில் மறுப்பைச் சம்மதமாக மாற்றியிருக்கின்றன.

படி 6: சுவரொட்டியும் பேச்சும்

என் முதல் சுவரொட்டியில் ஐந்து நீண்ட பத்திகளைச் சிறிய எழுத்தில் நிரப்பியிருந்தேன். இரண்டு மணி நேரத்தில் மூன்று பேர் அருகே வந்தார்கள். அவர்களில் ஒருவர் கழிப்பறைக்கு வழி கேட்டார்.

ஏ0 தாள் 841-க்கு 1189 மில்லிமீட்டர். ஏ1 அதில் பாதி. மாநாடு கேட்கும் அளவையும், அது நெட்டிலா கிடையிலா என்பதையும் முதலில் பாருங்கள். தலைப்பு எழுத்து 80 புள்ளிக்கு மேலும், உள்ளெழுத்து 24 புள்ளிக்குக் குறையாமலும் இருக்கட்டும். மைக் மோரிசன் என்ற ஆய்வாளர் 2019-இல் பரப்பிய வடிவமைப்பில், தாளின் நடுவே கண்டுபிடிப்பு ஒரே வாக்கியமாகப் பெரிய எழுத்தில் நிற்கும். விவரங்கள் ஓரத்துக்குப் போய்விடும். எல்லாத் துறைக்கும் அது ஒத்துவராது. ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் உங்களிடம் இருக்கிறதா என்று சோதிக்க அது நல்ல வழி. கோயில் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் பதாகை அச்சிடும் நம் ஊர்க் கடையிலேயே இதையும் அச்சிடலாம். கோப்பைப் பி.டி.எஃப். ஆகக் கொடுத்து, தமிழ் எழுத்துரு உடையாமல் வருகிறதா என்று திரையில் பார்த்த பிறகே அச்சிடச் சொல்லுங்கள். துணியில் அச்சிட்டால் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

பேச்சாக இருந்தால், பதினைந்து நிமிடம் என்பதன் பொருள் பெரும்பாலும் பன்னிரண்டு நிமிடப் பேச்சும் மூன்று நிமிடக் கேள்வியும். நேரத்தை மீறிப் பேசி அந்த மூன்று நிமிடத்தைத் தின்றுவிட்டால் எதற்காகப் போனீர்களோ அதையே இழக்கிறீர்கள். இரண்டு ஒத்திகை செய்யுங்கள்: மேற்பார்வையாளர் முன்னால் மாநாட்டு மொழியில் ஒன்று, வீட்டில் தமிழில் ஒன்று. வீட்டு ஒத்திகையில் அம்மா, “அப்படியென்றால் எவ்வளவு பேரைக் கேட்டாய்?” என்று இடைமறித்தால், அந்த எண்ணை நீங்கள் போதிய அழுத்தத்தோடு சொல்லவில்லை என்று பொருள்.

படி 7: மாநாட்டு நாள்

உடை பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். நீண்ட கை பாத்தேக் சட்டையோ எளிய பாஜூ கூரோங்கோ சுடிதாரோ போதும். பதிவுப் படிவத்தில் சைவ உணவைக் குறிக்க மறந்தவர்கள் மதியம் பழத்தோடு நிற்பார்கள்.

உங்கள் அமர்வு முடிந்ததும் அறைக்குத் திரும்பிவிடாதீர்கள். 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் மூன்று நாள் கூடி அணு எடை பற்றி வாதிட்டு, உடன்பாடு எட்டாமலே பிரிந்தார்கள். பிரியும் வேளையில் கன்னிசாரோ என்ற இத்தாலியரின் சிறு பிரசுரம் கையில் கொடுக்கப்பட்டது. அதைப் படித்துத் தெளிந்தவர் லோதர் மேயர். அங்கு வந்திருந்த 26 வயது மென்டெலீவ் 1869-இல் தனிம அட்டவணையை வெளியிட்டார். அரங்கில் முடியாதது வாசலில் முடிந்திருக்கிறது. தேநீர் இடைவேளையில் சுவரோரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நம் மாணவர்களைக் காணும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். மூத்தவரிடம் பேசத் தயக்கமாக இருந்தால், “புரொஃப், காலையில் நீங்கள் பேசியதில் இந்த ஓரிடம் எனக்குப் புரியவில்லை” என்று தொடங்குங்கள். மலேசிய வளாகங்களில் ‘புரொஃப்’ போதுமான மரியாதை. குனிந்து நிற்கத் தேவையில்லை.

உங்களிடம் கேட்கப்படும் கேள்வி ஆங்கிலத்தில் வேகமாக வந்து புரியாமல் போனால், “நான் இவ்வாறு புரிந்துகொண்டேன், சரியா?” என்று திருப்பிக் கேளுங்கள், யாரும் இளக்காரமாக நினைப்பதில்லை. விடை தெரியாவிட்டால், “அதை நான் அளக்கவில்லை, அளப்பதானால் இப்படிச் செய்வேன்” என்பது முழுமையான விடை. கேள்விகளைக் குறித்துக்கொள்ள ஒரு நண்பரை முன்வரிசையில் உட்கார வையுங்கள். பேசியவருக்குப் பதற்றத்தில் ஒன்றும் நினைவில் நிற்காது.

படி 8: திரும்பி வந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். பேசிப் பழகியவர்களுக்கு, என்ன பேசினோம் என்பதை நினைவூட்டும் நான்கு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். முதுகலைக்கு மேற்பார்வையாளர் தேடும்போது நீங்கள் முன்பின் தெரியாதவராக இருக்கமாட்டீர்கள். நண்பர் குறித்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஆய்வேட்டின் எந்தப் பக்கத்தில் விடை சேர்க்கலாம் என்று அடையாளமிடுங்கள். தன்விவரக் குறிப்பில் ஆசிரியர் பெயர்கள், தலைப்பு, பேச்சா சுவரொட்டியா, மாநாட்டின் பெயர், இடம், ஆண்டு என்ற வரிசையில் ஒரு வரி சேருங்கள்.

மாநாட்டுத் தொகுப்பில் முழுக் கட்டுரையும் கேட்டால் உடனே கொடுத்துவிடாதீர்கள். அதே கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பும் எண்ணம் மேற்பார்வையாளருக்கு இருந்தால், தொகுப்பில் வெளியானது அதற்குத் தடையாகக்கூடும். சுருக்கத்தை மட்டும் வெளியிடச் சம்மதிக்கலாம்.

சுவரொட்டியைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைக்காமல், தகவல் கொடுத்தவர்களிடம் கொண்டுபோய் விரித்துக் காட்டித் தமிழில் விளக்குங்கள். நேர்காணல் தந்த பெரியவர்கள், “எங்கள் தோட்டத்தில் அப்படிச் செய்யவில்லையே” என்று சொல்லித் திருத்துவதும் உண்டு. அந்தத் திருத்தத்தையும் தேதியோடு குறித்து ஆய்வேட்டில் சேர்த்த பிறகு அட்டை கட்டக் கொடுங்கள்.